நான்காம் இயலைக் காணவில்லை

அத்தியாயம் 17

போன வாரம் பெர்சியைக் கல்லூரிக்கு எதிரே, பாண்டியராஜனின் டி.டி.பி. கடை வாசலில் ஸ்கூட்டியோடு நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். மதுரைச் சித்திரை வெயிலில் ஒரு வாரம் நிற்பதென்றால் சும்மாவா. முதலில் அவளை உள்ளே அழைத்துப் போவோம்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. பெர்சி, பி.ஏ. அரசியல் அறிவியல் மூன்றாம் ஆண்டு. வீடு திருநகரில். அப்பா கிளமெண்ட், திருச்சபை நடத்தும் நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். அம்மா ரூத், திருமங்கலத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். பட்டம் வாங்க வேண்டுமென்றால் பெர்சி ஓர் ஆய்வேடு கொடுத்தாக வேண்டும். தலைப்பு, 'சேகரக் கமிட்டியில் பெண் உறுப்பினர்கள்'. பள்ளி, பெண்கள் விடுதி, கல்லறைத் தோட்டம் என்று சபையின் நிர்வாகம் முழுவதும் அந்தக் கமிட்டியின் கையில். மொத்தம் பதினாறு பேர். அதில் இரண்டு இடம் பெண்களுக்கு.

ஊரில் ஆராய்ச்சி செய்ய எவ்வளவோ இருக்க, சொந்தச் சபையிலேயே கை வைத்தாள் பிள்ளை. ஒப்படைக்க இன்று மாலை நான்கு மணி கடைசி.

பாண்டியராஜன் மூன்று பிரதிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். மெரூன் ரெக்சின் அட்டை, தங்க எழுத்தில் அவள் பெயர். பெர்சி ஒன்றைக் கையில் எடுத்தாள். அவள் எதிர்பார்த்த கனம் இல்லை.

"அண்ணே, நூத்திப் பன்னண்டு பக்கம் வரணுமே. மெலிசா இருக்கு?"

"எம்பத்தி நாலும்மா. எண்ணித்தான வச்சேன்."

பொருளடக்கத்தைத் திறந்தாள். முன்னுரை, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, முடிவுரை. நான்கு என்ற எண்ணுக்கு எதிரில் அவளுடைய ஐந்தாம் இயலின் தலைப்பு இருந்தது. அவளுடைய நான்காம் இயலை எங்கேயும் காணவில்லை. 'இந்த ஆய்வு ஐந்து இயல்களைக் கொண்டது' என்று முன்னுரையில் எழுதியிருந்தாள். அது 'நான்கு இயல்களைக் கொண்டது' என்று மாறியிருந்தது. அடிக்குறிப்புகளின் எண்கள்கூட வரிசையாகத் திருத்தப்பட்டிருந்தன. யாரோ உட்கார்ந்து, நிதானமாக, பொறுப்பாகச் செய்த வேலை.

"யாருண்ணே மாத்துனது?"

பாண்டியராஜன் முழித்தார். "என்னம்மா இப்படிக் கேக்குற? நேத்து சாயங்காலம் அப்பா வந்தாரே. நீதான் அனுப்பிச்சன்னாரு. ரெண்டு மணி நேரம் எம் பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல நான் மாத்துனேன். டீ வாங்கியாரச் சொன்னேன், அதக்கூட வேணாம்னுட்டாரு. தங்கமான மனுசன்."

தங்கமான மனிதர், மூன்று நாளைக்கு முன்னால் பிழை திருத்தித் தருகிறேன் என்று தானாகவே கேட்டார். பெர்சியும் பெருமையாகப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். 'அப்பாதான் என் முதல் வாசகர்' என்று தோழிகளிடம் சொல்லிக்கொண்டு வேறு திரிந்தாள். அதை நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அந்த இருபத்தெட்டுப் பக்கத்தில் அப்படி என்ன இருந்தது?

மூன்று சனிக்கிழமை சபை அலுவலகத்தில் உட்கார்ந்து, பன்னிரண்டு வருடத்துத் தீர்மானப் புத்தகங்களை அவள் வரி வரியாகப் படித்திருந்தாள். போதகரிடம் முறையாக அனுமதி வாங்கித்தான். மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று கூட்டங்கள். பெண் உறுப்பினர்களின் பெயர் ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் இடத்தில் வந்தது: 'ஆரம்ப ஜெபம், திருமதி இன்னார்'. ஜெபம் முடிந்ததும் கையெழுத்துப் போடுவார்கள், டீயும் வடையும் பரிமாறுவார்கள், கிளம்பிவிடுவார்கள். கூட்டத்தின் முதல் பொருள் தொடங்கும்போது அவர்கள் வீட்டில் குக்கர் விசில் எண்ணிக்கொண்டிருப்பார்கள். போகச் சொல்லி ஒரு விதியும் கிடையாது. வழக்கம், அவ்வளவுதான்.

ஒரே ஒரு கூட்டத்தில் அது மாறியிருந்தது. 2017 பிப்ரவரி. பெண் உறுப்பினர் ஒருவர் டீ கொடுத்த பிறகும் போகாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். விடுதிப் பிள்ளைகள் குளிக்கும் இடத்துக்குக் கதவு வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்த வார்டன் மரியம்மாளை ஏன் வேலையை விட்டு நிறுத்தினீர்கள்? பதில் எதுவும் பதிவாகவில்லை. அடுத்த மாதக் கோப்பில், அதே உறுப்பினர் குடும்பச் சூழ்நிலை காரணமாக விலகுவதாக ஒரு கடிதம் இருந்தது.

அந்த உறுப்பினர் ரூத்.

ஆய்வேட்டில் பெர்சி அம்மாவின் பெயரைப் போடவில்லை. 'உறுப்பினர் ஏழு' என்று மட்டும் எழுதினாள். கடிதத்தை அப்பா தன் கையால் எழுதியிருந்தது அவளுக்கு ஆச்சரியமாகவும் இல்லை. அந்த வீட்டில் ரேஷன் கார்டு மனு முதல் பேங்க் விண்ணப்பம் வரை அப்பாதான் எழுதுவார். கணக்கு வாத்தியாரின் குண்டு குண்டான அழகு எழுத்து. கீழே அம்மா கையெழுத்துப் போடுவார்.

கடையில் நின்றபடியே ஆய்வு வழிகாட்டி முனீஸ்வரி மேடத்துக்குப் போன் போட்டாள்.

"பைண்டிங் வேணாம், ஸ்பைரல் போட்டாவது கொண்டு வந்துரு," என்றார் மேடம். "நாலுக்கு மேல ஆபீஸ்ல வாங்க மாட்டாங்க. நாலாம் இயல் இல்லாமக் குடுத்தாலும் பாஸ் ஆயிடுவ பெர்சி. ஆனா அது நீ எழுதுன ஆய்வேடா இருக்காது. உன் இஷ்டம்."

மெயிலில் இருந்த கோப்பிலிருந்து நான்காம் இயலை மட்டும் பிரிண்ட் எடுத்துக்கொண்டாள். அதை அப்படியே சேர்த்து ஸ்பைரல் போட்டுக் கொடுத்திருந்தால் ஒரு மணிக்கெல்லாம் வேலை முடிந்திருக்கும். ஆனால் அவள் வண்டியைத் திருநகருக்கு விட்டாள். அவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு யாரால் ஸ்பைரல் போட முடியும்?

பழங்காநத்தம் சிக்னல், பசுமலை, திருப்பரங்குன்றம் பாலம் என்று வழி நெடுக அப்பாவிடம் கேட்கப்போகும் கேள்விகளை ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் வந்த ஷேர் ஆட்டோக்காரர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் கிளமெண்ட் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விடுமுறை. மாலை ஐந்து மணிக்குச் சேகரக் கமிட்டிக் கூட்டம். பதினான்கு வருடமாகச் செயலாளராக இருக்கும் ஜேசுராஜ் இன்றைக்கு ஓய்வு பெறுகிறார். அடுத்த செயலாளர் கிளமெண்ட் என்பது ஏற்கெனவே பேசி முடித்த விஷயம். அதற்கான நன்றியுரைதான் தயாராகிக்கொண்டிருந்தது.

பெர்சி மெரூன் அட்டையை நன்றியுரையின் மேல் போட்டாள்.

"எதுக்குப்பா எடுத்தீங்க?"

கிளமெண்ட் அட்டையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தார். "குரலத் தாழ்த்து. அம்மா உள்ள இருக்கா."

"இருக்கட்டும். எதுக்கு எடுத்தீங்க?"

"பிழை திருத்தினேன்."

"இருவத்தெட்டுப் பக்கமும் பிழையாப்பா?"

"பெர்சி, நான் சொல்றதக் கேளு. சபை விஷயம் சபைக்குள்ள இருக்கணும். நாளைக்கு உனக்கே ஒரு வேலை, கல்யாணம்னு வாரப்ப இந்த ஜனங்க முகத்துலதான் முழிக்கணும்."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல. வேணாம்னு சொல்லியிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம். கடைக்குப் போயி நான் அனுப்புனேன்னு பொய் சொல்லி எடுத்திருக்கீங்க. ஸ்கூல் பிள்ளைக பிட் அடிச்சா முட்டி போட வைக்கிற ஆளு நீங்க."

"மெதுவாப் பேசுன்னு சொல்றேன்."

"அக்கம்பக்கம் கேக்கும்னு பயமா இருக்கா?"

அவருடைய பயம் அக்கம்பக்கத்தைப் பற்றியது அல்ல என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை. அவர் மறுபடியும் மறுபடியும் சமையலறைக் கதவையே பார்த்ததை அவள் கவனித்திருக்க வேண்டும். கோபத்தில் இருப்பவர்களுக்குத் தங்கள் குரல் மட்டும்தான் கேட்கும்.

ரூத் கையில் உளுந்து மாவோடு வெளியே வந்தார். புதுச் செயலாளர் வீடு என்பதால் மாலைக் கூட்டத்துக்கு வடை இந்த முறை அவர் பொறுப்பு. அதற்காக அலுவலகத்தில் லீவு போட்டிருந்தார்.

"என்ன சத்தம்? தெருவே கேக்குது."

"அம்மா, உன்னப் பத்தி நான் எழுதுனத அப்பா எடுத்துட்டாரு. மொத்தமா. ஒரு பக்கம் விடாம."

"என்னப் பத்தியா? என்னப் பத்தி எழுத என்ன இருக்கு?"

பெர்சி பையிலிருந்து பிரிண்டை எடுத்து நீட்டினாள். கிளமெண்ட் சட்டென்று எழுந்தார். "ரூத், எண்ணெய் காயுது பாரு."

"அணைச்சிட்டுத்தான் வந்தேன்," என்ற ரூத், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினார்.

நின்றுகொண்டே படித்தார். இருபது வருட கிளார்க் உத்தியோகம், வரிக்குக் கீழே விரல் வைத்துத்தான் படிப்பார். இரண்டு பக்கம் புரட்டினார். மரியம்மாள் பெயர் வந்த இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது. பெர்சிக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. அம்மா கேட்ட கேள்வியை எட்டு வருடம் கழித்து அச்சில் ஏற்றியிருக்கிறாள் அல்லவா. கிளமெண்ட் அசையாமல் நின்றார்.

அறுபத்தொன்றாம் பக்கத்தில் ரூத் விரலை எடுத்துவிட்டார். 'உறுப்பினர் ஏழு, குடும்பச் சூழ்நிலை காரணமாகத் தாமாகவே பதவி விலகினார். அவரது கடிதம் கோப்பில் உள்ளது.'

"எந்தக் கடிதம்?" என்றார்.

பெர்சிக்குக் கேள்வி புரியவில்லை. "நீ குடுத்ததும்மா. ராஜினாமா லெட்டர்."

"நான் எந்த லெட்டரும் குடுக்கல."

பெர்சி போனை எடுத்துப் படத்தைத் தேடினாள். அவசரத்தில் இரண்டு முறை தவறான படம் திறந்தது. ரூத் போனை வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை ஒருமுறை. கீழிருந்து மேல்வரை ஒருமுறை.

"கையெழுத்து என்னுது," என்றார் மெதுவாக. பிறகு கணவரைப் பார்த்தார். "எழுத்து உங்களுது."

கிளமெண்ட் உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம பையன் ஜெர்சன் ஸ்காலர்ஷிப்புக்குன்னு ஒரு நாள் காலைல நாலஞ்சு பேப்பர்ல கையெழுத்து வாங்குனீங்க. நான் பஸ்ஸுக்கு ஓடிக்கிட்டு இருந்தேன். வாசல்ல வச்சு. அதுலயா?"

அவர் மேசைமேல் கிடந்த மெரூன் அட்டையை நேராக்கி வைத்தார்.

"உங்களத்தான் கேக்குறேன். அதுலயா?"

"ஜேசுராஜ் அண்ணன் சொன்னாரு," என்றார் கிளமெண்ட். "லெட்டர் வரலன்னா உம் பேரச் சொல்லித் தீர்மானம் போட்டு வெளியேத்துவோம்னாரு. சபை முழுக்க வாசிப்பாங்கன்னாரு. உனக்கு அசிங்கமாப் போயிருமேன்னுதான். உன்னையக் காப்பாத்தத்தான் ரூத்."

"எங்கிட்ட என்ன சொன்னீங்க அப்ப?"

கிளமெண்ட் பேனாவை மூடினார்.

"சுழற்சி முறையில என் எடத்த மாத்திட்டாங்கன்னு சொன்னீங்க. கமிட்டியே சேந்து முடிவு பண்ணுச்சுன்னு சொன்னீங்க. ஒரு வாரம் அழுதேன், பக்கத்துல உக்காந்து ஆறுதல் வேற சொன்னீங்க." ரூத்தின் குரல் உயரவே இல்லை. "மரியம்மாக்கா நம்ம கேட்டுக்கு வெளிய நின்னு கேட்டா. நீயும் விட்டுட்டுப் போயிட்டியா ரூத்துன்னு கேட்டா. இல்லக்கா, என்னைய நீக்கிட்டாங்கன்னேன். நம்பாத மாதிரி பாத்துட்டுப் போனா. எட்டு வருசமா எங்கூடப் பேசல. அவளுக்கு இந்த லெட்டரக் காட்டியிருப்பாங்க, இல்ல?"

கிளமெண்ட் தலையைக் குனிந்துகொண்டார். காட்டியிருந்தார்கள்.

"அந்த வருசம் ஜூன்லதான நீங்க ஹெட்மாஸ்டர் ஆனீங்க."

பெர்சி அப்பாவைப் பார்த்தாள். கடையில் கிளம்பியபோது இருந்த கோபம் வேறு. அது தன் இருபத்தெட்டுப் பக்கத்துக்கான கோபம். இப்போது வந்தது அம்மாவுக்கான கோபம். அந்தத் தலைமையாசிரியர் சம்பளத்தில்தான் அவள் கல்லூரிக்குக் கட்டணம் கட்டினாள், அந்த ஸ்கூட்டியையும் வாங்கினாள். கையிலிருந்த ஸ்கூட்டி சாவியை மேசைமேல் போட்டாள்.

"இதுக்குத்தான் எடுத்தீங்களாப்பா? சபை மானம், என் கல்யாணம் எல்லாம் சும்மா. அம்மா இதப் படிச்சிரக் கூடாது. அதுக்குத்தான."

ரூத் மகள் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் பெர்சிக்கும் பங்கு இருந்தது.

"நீ மட்டும் என்ன? தாமாகவே விலகினார்னு எழுதியிருக்க. எங்கிட்டக் கேட்டியா?"

"கேட்டேம்மா. அது முடிஞ்சு போன கதை, விடுன்னு சொன்ன."

"விடுன்னா விட்டுருவியா? தள்ளி விட்டாங்கன்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு, சொல்லல. நீ பெரிய ஆராய்ச்சி பண்றவ. ஆளு அடுப்படில நிக்கிறேன், பேப்பர்ல இருந்தத நம்பி எழுதிட்ட."

நூற்று நாற்பத்து மூன்று கூட்டத்துக்கு வரி வரியாகக் கணக்கெடுத்தவள், வீட்டில் இருந்த ஒரே சாட்சியை இரண்டாவது தடவை கேட்கவில்லை. பேப்பரில் பெண்கள் பேசுவதில்லை என்று ஒரு இயலே எழுதிவிட்டு, பேப்பரையே நம்பினாள். திட்டு வாங்க வேண்டியதுதான்.

"எம்புட்டு நேரம் இருக்கு?" என்றார் ரூத்.

"நாலு மணி. இப்ப ஒண்ணே கால்."

"கம்ப்யூட்டர எடு. நான் சொல்றேன், எழுது."

மேசையின் ஒரு முனையில் பெர்சி தட்டச்சு செய்தாள். எதிரில் ரூத். நடுவில் முடிக்காத நன்றியுரையோடு கிளமெண்ட், எழுந்து போகவும் தெரியாமல், இருக்கவும் முடியாமல். ரூத் தேதி சொன்னார். அன்றைக்குக் கூட்டத்தில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று சொன்னார். கேள்வி கேட்டதும் ஜேசுராஜ், 'அம்மா, உங்களுக்கு நேரமாகலையா' என்று கடிகாரத்தைக் காட்டியதைச் சொன்னார். எட்டு வருடம் யாரும் கேட்காததால் ஒன்றுகூட மறக்காமல் இருந்தது.

"ஆபீசுல பத்து ரூவா வவுச்சர்லகூடப் படிக்காம நான் கையெழுத்துப் போட்டதில்ல," என்றார் கடைசியில். "வீட்டுலதான் போட்டேன். அதையும் எழுது."

பெர்சி எழுதினாள்.

"இனிமே ஏழு, எட்டுன்னு நம்பர் வேணாம். என் பேரப் போடு."

"பேர் போட்டா அப்பா பேரும் வந்துரும்மா."

"வரட்டும்."

"ரூத்," என்றார் கிளமெண்ட். "இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்க. சாயங்காலம் கூட்டம் மட்டும் முடியட்டும். நானே போதகர்ட்டச் சொல்லிருறேன்."

"நீங்க சொல்ல வேண்டிய நாளு தாண்டி எட்டு வருசமாச்சு."

பெயர் போடுவதென்றால் ஒப்புதல் படிவம் வேண்டும். பல்கலைக்கழக விதி. பெர்சி ஃபைலிலிருந்து ஒன்றை எடுத்து வைத்துப் பேனாவை நீட்டினாள். ரூத் பேனாவை வாங்கவில்லை. உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்து வந்தார். படிவத்தின் முன்பக்கம் முழுவதும் படித்தார். திருப்பிப் பின்பக்கம் படித்தார். 'தரவு' என்றால் என்ன என்று கேட்டார். இதை எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், யார் யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். மணி இரண்டு பத்து ஆகியிருந்தது. பெர்சி அவசரப்படுத்தவில்லை.

கடைசி வரியும் முடிந்த பிறகு கையெழுத்துப் போட்டார்.

படிவத்தைப் பைக்குள் வைத்துப் பெர்சி ஸ்கூட்டி சாவியை எடுத்தபோது மேசைமேல் கிளமெண்டின் போன் அடித்தது. திரையில் ஜேசுராஜின் பெயர். கிளமெண்ட் எடுக்கவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ரூத் எடுத்தார்.

"அண்ணே, ரூத் பேசுறேன். அவரு இங்கதான் இருக்காரு... இல்லண்ணே, எனக்குத்தான் உங்ககூடப் பேசணும். சாயங்காலம் கூட்டத்துக்கு நான் வாரேன். மரியம்மாக்காவையும் கூப்புட்டுப் பாக்கப்போறேன்."

அந்தப் பக்கம் நெடுநேரம் பேச்சு நடந்தது. நயமான, பதினான்கு வருடச் செயலாளர் குரல். வாசலில் நின்ற பெர்சிக்கு 'உறுப்பினர்கள் மட்டும்' என்ற இரண்டு வார்த்தைகள் தெளிவாகக் கேட்டன.

ரூத் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"சரிண்ணே, உறுப்பினருங்க மட்டுந்தான். நான் எப்பண்ணே விலகுனேன்?"